கையை விட்டாலும் நேரே போகும்

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஒரே ஒரு குறைதான். அழ வேண்டியவள் அழவில்லை.

தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் பேக்டரியில் மேற்பார்வை பார்த்துவந்த அவள் கணவன், போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தோணியில் மீன் பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. தோணி கிடைத்தது, தொப்பி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து அவளுடைய நாத்தனார் அழுதாள். புதிதாக யாராவது வாசற்படி ஏறினால் சுருதி கூடும். வந்தவர் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டால் இறங்கும்.

அண்ணி வாசற்படி ஏறியபோதும் கூடியது.

அண்ணி என்பது அவள் பெயரல்ல. உதவியாளனாகக் கூட வருகிறவன் அவளுக்குக் கொழுந்தன். போகிற இடமெல்லாம் அண்ணி, அண்ணி என்று அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் போலீஸ் ஸ்டேஷனிலும் அதுவே நிலைத்துவிட்டது. காணாமல் போன நாய், காணாமல் போன நகை, காணாமல் போன மாப்பிள்ளை என்று பலதையும் தேடிக் கொடுத்தவள். ஊர் வம்பைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள், அதையே தொழிலாக்கிக்கொண்டாள் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். பொறாமைக்காரர்கள் என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

"நீங்கதான் கூப்பிட்டு அனுப்பினீங்களா?"

தையற்காரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா. முழுகிட்டார்னு போலீஸ் சொல்லுது. சொல்லிட்டுப் போயிடுச்சு. எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். செத்தாரா, போனாரா?"

நாத்தனாரின் அழுகை பாதியில் நின்றது. "பேசற பேச்சைப் பாருங்க. என் தம்பி எங்க போவான்? வேலையை விட்டா வீடு, வீட்டை விட்டா ஏரி."

"உங்களுக்கு என்ன தோணுது?" அண்ணி தையற்காரியைத்தான் கேட்டாள்.

"ஒண்ணும் தோணல. பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்கல்ல, அந்த மாதிரி இருக்கு. எங்க வலிக்கணும்னு தெரிஞ்சாத்தானே வலிக்கும்?"

இந்த மாதிரி வீடுகளில் மட்டும் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த கொழுந்தன், மூலையில் அடுக்கியிருந்த துணிக்கட்டுகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தோணியில மாட்டியிருந்த மோட்டார் எங்க?"

"எடுத்த கடையிலேயே கொண்டுபோய்ப் போடச் சொல்லிட்டேன்," என்றாள் நாத்தனார். "கொலைகார இரும்பு. அது வந்த நாள்லேருந்து அவன் பொண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் ஜாஸ்தி."

சிலருக்கு அழும்போதுதான் உண்மை தவறி விழும். அண்ணி அதைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மோட்டார் கடை ஒரு நீளமான தகரக் கொட்டகை. நடுவில் தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம். ஓரமாக ஒரு கனத்த பலகை, அதில் பழைய படகு மோட்டார்கள் வௌவால்கள் மாதிரி வரிசையாகத் தொங்கின. பெட்ரோலும் எண்ணெயும் கலந்த வாடை. கடைக்காரருக்குப் பருத்த உடம்பு, சின்னக் குரல்.

"மீன் பிடிக்கிற தோணிக்கு ஒரு மோட்டார் வேணும். சின்னதா, பழசா," என்றாள் அண்ணி.

"யாருக்கும்மா?"

"எங்க அண்ணனுக்கு," என்றான் கொழுந்தன். "வீட்டுல படுத்தே கிடக்கார். தண்ணியில கொண்டுபோய் விட்டாலாவது எழுந்திருப்பாரான்னு பார்க்கணும்."

அந்த அண்ணன் அண்ணியின் புருஷன்தான். அவள் மறுக்கவில்லை. மறுக்க ஒன்றும் இல்லை.

கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதலில் பளபளப்பான ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இது புதுசு மாதிரியே ஓடும். முன்னாடி போகும், பின்னாடி போகும், நடுவுல நியூட்ரல்ல சும்மாவும் நிக்கும். ஆனா தோணிக்கு நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"கனம். தோணிக்குப் பின்பக்கம் ஒல்லி. இதை மாட்டினா வால் உள்ள போயிடும், மூக்கு வானத்தைப் பார்க்கும். உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் உடம்பா இருப்பாரா?"

"கொஞ்சமா?" என்றான் கொழுந்தன்.

"அப்போ இது வேண்டவே வேண்டாம்." அடுத்ததற்குப் போனார். "இது லேசு. ஆனா அதிரும். கைப்பிடியை விட்டா போதும், தன்னால ஒரு பக்கம் திரும்பிக்கும். தூண்டில்ல புழு கோர்க்கக்கூடக் கையை எடுக்க முடியாது. சில பேர் பெரிய மோட்டாரா கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. தோணிக்கு எதுக்கும்மா வேகம்? மீன் என்ன துரத்திக்கிட்டா வருது?"

"மூலையில சாக்கு போட்டு மூடியிருக்கே, அது?"

சின்னக் குரல் இன்னும் சின்னதானது. "அது விக்கறதுக்கு இல்ல."

"ஐஸ் பேக்டரிக்காரரோடதா?"

கடைக்காரர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். அண்ணி யாரென்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் கழுத்தெல்லாம் வேர்த்தது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். வேர்க்கிற ஆளைக் கண்டால் அவனுக்கு உடனே கேஸ் முடிந்துவிடும்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேம்மா," என்றார் கடைக்காரர். "இது என் அப்பா காலத்து மோட்டார். இதுக்கு நியூட்ரல் கிடையாது. கயிறைச் சுத்தி இழுத்தா பத்திக்கும், பத்தின அடுத்த நொடி தோணி பாயும். உட்கார்ந்துதான் இழுக்கணும், நின்னு இழுத்தா தோணி ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான். எல்லாம் சொன்னேன். இப்போ பழி என் மேல வருது."

"முடிஞ்சுது," என்றான் கொழுந்தன். "நின்னு இழுத்தார், விழுந்தார். வாங்க அண்ணி, வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போகலாம்."

அண்ணி நகரவில்லை. "இத்தனை மோட்டார் இருக்கறப்ப அவர் ஏன் இதை எடுத்தார்?"

"என்னென்னவோ கேட்பார்னு நெனச்சேன். எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், எவ்வளவு சத்தம் போடும்னு. ஒண்ணும் கேட்கல. ஒரே ஒரு கேள்வி. கையை விட்டாலும் நேரா போகுமான்னு கேட்டார்." கடைக்காரர் எழுந்து சாக்கை எடுத்தார். சின்ன மோட்டார். தலையில் பித்தளைத் தொட்டி, அதற்குக் கீழே கயிறு சுற்றுகிற சக்கரம், மெலிந்த கால். வயதான ஆள் குளித்துத் தலைசீவி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. "இதுக்குக் கழுத்துல ஒரு திருகு உண்டு. இறுக்கிட்டா வெச்ச திசையிலேயே போகும். ஆள் தூங்கினாலும் போகும்."

"ஆள் இல்லைன்னாலும் போகுமா?"

கொழுந்தனுக்கு வீட்டுக்குப் போகிற எண்ணம் போய்விட்டது.

"திரும்பி வந்த பிறகு இதைத் தொட்டீங்களா?"

"தொடுவேனா? போலீஸ் பார்த்துச்சு, அப்படியே இங்க வந்துச்சு, அன்னிக்குப் போட்ட சாக்கு இது."

"ஓட்டிக் காட்டுங்க."

மோட்டாரை டிரம்மின் விளிம்பில் மாட்டினார். கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தார். ஒரு தும்மல்கூட இல்லை. தொட்டியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் சலசலத்தது. அப்புறம் குனிந்து பார்த்தவர், "குழாய் மூடியிருக்கு," என்றார்.

"தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல இருக்கிற குழாயா?"

"ஆமா. ஆனா..." அவர் ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்து, அடியில் கிண்ணம் மாதிரி இருந்ததைக் கழற்றினார். விரலை விட்டுத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். விரல் சுத்தமாக இருந்தது. "குழாயை மூடினாலும் இந்தக் கிண்ணத்துல கொஞ்சம் பெட்ரோல் நிக்கும். இதுல சொட்டு இல்ல. தன்னால காய்ஞ்சிருந்தா பிசின் மாதிரி ஒட்டிக்கும். இது துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"அப்படின்னா?"

"மோட்டார் ஓடிக்கிட்டிருக்கறப்பவே குழாயை மூடியிருக்கார். இருக்கறதைக் குடிச்சுட்டு அதுவா இருமி இருமி நிக்கிற வரைக்கும் காத்திருந்திருக்கார். வேலை முடிஞ்சு மோட்டாரைக் கழட்டி வைக்கறப்ப செய்யறது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நூறு பேருக்குச் சொல்வேன், ஒருத்தன் செய்ய மாட்டான். அவர் செய்வார்."

"நடு ஏரியில மீன் பிடிக்க நிறுத்தறப்பவும் செய்வாரா?"

"எதுக்கும்மா? பட்டனை அமுக்கினா நிக்கப்போகுது. காயவிட்டா மறுபடி கிளப்பறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும். கரைக்கு வந்துட்டுத்தான் செய்வாங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வேர்வை நின்றுவிட்டது. தன்மேல் பழி இல்லை என்றதும் மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் காய்ந்துவிடுகிறார்கள்.

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன், "தண்ணியில விழுந்தவன் குழாயை மூடிட்டு விழ மாட்டான்," என்றான்.

"ஒருவேளை மூடிட்டுக் கரைக்கு வர்ற வழியில விழுந்திருக்கலாம். கரைக்குப் பக்கத்துல எவனும் முழுக மாட்டான்னு சட்டம் இல்லையே."

"அண்ணி, நீங்க ஒரு கேஸையாவது நான் முடிக்கவிட்டிருக்கீங்களா?"

"நீ முடிச்ச கேஸையெல்லாம் நான்தான் மறுபடி திறந்துக்கிட்டிருக்கேன். ஏரிக்கு நட."

ஏரியில் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டைப் படகில் இரண்டு பேர், கயிற்றில் கட்டிய கொக்கியை விட்டு இழுத்துக்கொண்டு, வெயிலில் மெதுவாக நகர்ந்தார்கள். பாசியைத் தவிர ஒன்றும் வரவில்லை. எதிர்க்கரையில் ஒரு தார்ச்சாலை. அதில் ஒரு பஸ் நின்றது, ஆளை ஏற்றியது, போனது.

தோணியைக் கோரைப் புல்லில் கண்டுபிடித்தவர் ஏரிக் காவலாளி. கரையில் அவருக்கு ஒரு அறை. கட்டில், குடை, ரேடியோ. பேசுவதற்கு ஆள் கிடைத்ததில் அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி, அதை மறைக்கத் துக்க முகம் வேறு.

"நான்தான் முதல்ல பார்த்தேன். காத்து அந்தக் கரையிலிருந்து அடிச்சுது. கோரையில வந்து சிக்கியிருந்துச்சு. உள்ள தொப்பி, தூண்டில். ஆள் மட்டும் இல்ல."

"மோட்டார் எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா? மோட்டார் மாதிரி இருந்துச்சு. எனக்கு மிஷின்னா பயம். கிட்டயே போகல. தோணியைக் கயிறு கட்டி இழுத்தேன்."

அண்ணி கேள்விகளை அடுக்கிக்கொண்டிருக்க, கொழுந்தன் ரேடியோவின் முன்னால் நின்றான். அதற்கு ஒரு தார்ப்பாய் உறை போட்டிருந்தது. தோளும் இடுப்பும் தொளதொளவென்று தொங்கின.

"ஐயா, உங்க ரேடியோ ரொம்ப இளைச்சுப் போச்சே."

"அது பழைய உறை."

"யாரோ பெரியப்பா சட்டையை வாங்கிப் போட்டுவிட்ட மாதிரி இருக்கு. அண்ணி, இங்க வாங்க. முன்னாடி ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் மடிச்சுத் தைச்சிருக்கு. ரேடியோ இதுவழியா யாருக்கு வணக்கம் சொல்லும்?"

அண்ணி உறையை எடுத்துத் திருப்பினாள். கீழ்விளிம்பில் சுருக்கி இழுக்கிற நாடா. முன்னால் இருந்த ஓட்டை, ஒரு கைப்பிடி வெளியே வரும் அளவுக்கு இருந்தது. ரேடியோவுக்குக் கைப்பிடி இல்லை.

"மிஷின்னா பயம்னீங்க."

காவலாளி கட்டிலில் உட்கார்ந்தார். துக்க முகம் இப்போதுதான் நிஜமாக வந்தது. "செத்தவனுக்கு எதுக்கு உறைன்னு நெனச்சேன். மழையில ரேடியோ நனையுது. திருட்டுன்னு எழுதிடாதீங்க."

"நான் எதுவும் எழுதறதில்ல. தோணி கிடைச்சப்ப இது எங்க இருந்துச்சு? தோணிக்குள்ள கிடந்துச்சா, மோட்டார் மேல இருந்துச்சா?"

"மோட்டார் மேல. மோட்டாரைத் தண்ணியிலிருந்து தூக்கிச் சாய்ச்சு வெச்சிருந்தாங்க. அதுக்கு மேல இது. நாடாவை ரெண்டு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டிருந்துச்சு. பல்லால கடிச்சுத்தான் அவுத்தேன்."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"அவங்க கேட்கலையே."

வெளியே வந்து இருவரும் கொஞ்ச நேரம் எதிர்க்கரையைப் பார்த்தார்கள். இன்னொரு பஸ் வந்து நின்றது.

"கையை விட்டாலும் நேரா போகுமான்னு கேட்டு வாங்கியிருக்கான்," என்றாள் அண்ணி. "அந்தக் கரையில இறங்கி, திருகை இறுக்கி, ஆள் இல்லாம ஓடவிட்டுடலாம்னு திட்டம். நடு ஏரியில மோட்டார் ஓடிக்கிட்டே ஒரு காலித் தோணி சுத்தினா, விழுந்துட்டான்னுதானே சொல்வாங்க. நல்ல திட்டம்."

"அப்புறம் ஏன் செய்யல?"

"தனியா ஓடவிட்டா எங்கயாவது பாறையில முட்டும், உடைஞ்சு போகும். மனசு கேட்கல. நிறுத்தினான், காயவிட்டான், தூக்கிச் சாய்ச்சான், உறையைப் போட்டுக் கட்டினான். அப்புறம் காலால ஒரு தள்ளு."

தேடுகிறவர்களைக் கூப்பிட, கொழுந்தன் படகை நோக்கிக் கையைத் தூக்கினான். அண்ணி அதைப் பிடித்து இறக்கினாள்.

"முதல்ல அவகிட்ட."

வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. நாத்தனார் சுவரில் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தாள். தையற்காரி அடுத்த சட்டைக்கு வந்திருந்தாள். அண்ணி சுற்றி வளைக்கவில்லை. குழாய், கிண்ணம், உறை, முடிச்சு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். காவலாளியிடமிருந்து வாங்கிவந்த உறையை அவள் மடியில் வைத்தாள்.

"நான் தைச்சது," என்றாள் தையற்காரி. "மோட்டாரை அளவெடுக்கச் சொன்னார். சரியா வரலேன்னு பிரிச்சுத் தைக்கச் சொன்னார். அப்புறம் சரியா இருக்குன்னார்."

"அவர் முழுகலைம்மா. எங்க இருக்கார்னு தெரியாது. ஆனா இறங்கினது கரையில."

ஊசி நின்றது. கொழுந்தன் வாசல் பக்கம் பார்வையைத் திருப்பினான். இந்த இடத்தில் பெண்கள் கத்துவார்கள், அல்லது மயங்குவார்கள். இவள் உறையின் நாடாவை இழுத்துச் சுருக்கிப் பார்த்தாள்.

"மோட்டாரை அப்படியே விட்டுட்டுப் போக மனசு கேட்கல," என்றாள்.

நாத்தனாருக்கு விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் எழுந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் ஒரு கணம் கண்ணில் வந்தது, அதைச் சொல்லவேண்டும், பொய் சொல்லக்கூடாது. அடுத்த கணம் அது இடம் மாறியது.

"சும்மா ஒருத்தன் வீட்டை விட்டுப் போவானா?" என்றாள். "அவனுக்கு நீ என்ன குறை வெச்சே? அதைச் சொல்லு முதல்ல. எந்நேரமும் இந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழுதா ஆம்பளைக்கு வீடு வீடா இருக்குமா?"

காலையிலிருந்து அவளுக்கும் சேர்த்து அழுத வாய் இது. புருஷன் செத்திருந்தால் அவள் பாவம். போயிருந்தால் அவள் குற்றவாளி. உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் இப்படியும் ஒரு வேலை நடக்கும் என்று அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் செய்கிறாள்.

"பெரியம்மா, டீ ஆறுது," என்றான் கொழுந்தன் நாத்தனாரிடம். அவன் குரலில் விளையாட்டு இல்லை. "குடிச்சுட்டுத் திட்டுங்க. இல்லேன்னா குடிச்சுட்டுப் போங்க."

நாத்தனார் அவனை முறைத்தாள். ஆனால் உட்கார்ந்தாள்.

"தேடிக் கொண்டுவரணுமா?" என்று அண்ணி தையற்காரியைக் கேட்டாள். "முடியும். பஸ் போற ஊர்கள்ல விசாரிச்சா ஒரு வாரத்துல பிடிச்சுடலாம்."

தையற்காரி நிறைய நேரம் யோசிக்கவில்லை. யோசிக்கும் முகமாகவும் அது இல்லை. "எதுக்கு? கேட்டா அவர் ஒரு காரணம் சொல்வார். அதையும் நான் வெச்சுக்கணும்." அப்புறம் ஏதோ நினைவு வந்தவளைப்போல, "ஏரியில இன்னும் ஆள் இருக்காங்களா?" என்றாள்.

"இருக்காங்க."

"இந்த வெயில்லயா?"

எழுந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். தெரு அவளுக்கு வழிவிட்டது. உடல் கிடைத்துவிட்டது, அடையாளம் காட்டப் போகிறாள் என்று ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சுப் பரவியது. இரண்டு பேர் பின்னாலேயே கிளம்பினார்கள். அண்ணியும் கொழுந்தனும் சற்றுத் தள்ளி நடந்தார்கள். வழியில் ஒரே ஒரு தடவை, தேய்ந்த செருப்பில் கல் ஏறியபோது தையற்காரி நின்று, காலை உதறிக்கொண்டு நடந்தாள்.

ஏரிக்கரையில் நின்று இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"அண்ணே, போதும். மேல வாங்க."

தட்டைப் படகு நின்றது. அதில் இருந்தவர்களில் மூத்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "கிடைச்சுட்டாராம்மா?"

அவள் அந்தத் தண்ணீரை ஒருமுறை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்தாள்.

"இல்லண்ணே. ஆனா தண்ணியில இல்ல."

துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று மூத்தவருக்குப் புரியவில்லை. பிறகு கட்டிக்கொண்டார். கொக்கியை மேலே இழுக்கத் தொடங்கினார்கள்.